ஒளிரும் துகளும் ஒளிஞ்சிருக்கும் புரோட்டீனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 2023 கெமிஸ்ட்ரி நோபல் பத்தி எழுதுறப்ப குவாண்டம் டாட்ங்குற ஒளிரும் குட்டித் துகளப் பத்தி நாலு வரி எழுதிட்டு, இத வெச்சு ரத்தத்துல இருக்குற புரோட்டீனக் கூட கண்டுபிடிக்கலாம்னு கடைசில ஒரு வால் சேர்த்து விட்டேன். அந்த வாலப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் வருவீங்கன்னு நெனைக்கல. வந்ததுல பதினோரு கேள்விய எடுத்துருக்கேன். ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

ஒளிரும் நானோ துகள்னா என்ன சார்? ரத்தத்துல ஆயிரம் புரோட்டீன் இருக்கும்போது அது குறிப்பிட்ட ஒண்ண மட்டும் எப்படி அடையாளம் கண்டுக்கும்? அதுக்குக் கண்ணா இருக்கு?
ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

கண்ணு இல்லீங்க ஐயா, கை இருக்கு. அந்தக் கையையும் நாமதான் ஒட்டி விடணும். துகளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு கலர்ல வெளிச்சம் குடுத்தா வேற கலர்ல திருப்பித் தரும். குவாண்டம் டாட், கார்பன் டாட், சில தங்க அணுக்கள் மட்டும் சேர்ந்த தங்க நானோகிளஸ்டர், கார்பன் நானோடியூப், யூரோப்பியம்ங்குற உலோகம் அடைச்ச பிளாஸ்டிக் மணி, எல்லாமே இந்தக் குடும்பம்தான். பல வகை சில நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) சைஸ், சிலது நூறு இருநூறு வரைக்கும் போகும். ரத்தத்துல இருக்குற அல்புமினும் சில நானோமீட்டர்தான், அதாவது துகளும் புரோட்டீனும் கிட்டத்தட்ட ஒரே உசரத்து ஆளுங்க, அதனாலதான் ஒருத்தர் வந்து ஒட்டினா இன்னொருத்தர் முகம் மாறுது.

கைன்னு சொன்னேனே, அது பெரும்பாலும் ஆன்டிபாடி, அதாவது நோய்க்கிருமியப் பிடிக்க உடம்பு செய்யற மாதிரி புரோட்டீன். இல்லன்னா ஆப்டமர், அதாவது ஒரே ஒரு புரோட்டீன மட்டும் கவ்வுற மாதிரி தேர்ந்தெடுத்த சின்ன டிஎன்ஏ துண்டு. ரத்தம் உறையறதுக்கு உதவுற த்ராம்பின் புரோட்டீனுக்கு 1992லயே 15 எழுத்து நீளத்துல ஒரு ஆப்டமர் கண்டுபிடிச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் புதுசா சென்சார் பண்றவங்க முதல்ல கை வெக்கிறது அதுலதான், சமையல் கத்துக்குறவங்க முதல்ல வெந்நீர் போடுற மாதிரி. அந்த ஆப்டமரோட வாலுல ஒளிர்ற ஒண்ண ஒட்டி கிராஃபீன் ஆக்ஸைடு தகட்டு மேல விட்டா அது தகட்டோட ஒட்டிக்கிட்டு அணைஞ்சு போயிடும், ஏன்னா அதோட சக்தியத் தகடு உறிஞ்சிடுது. த்ராம்பின் வந்தா ஆப்டமர் தகட்ட விட்டுட்டு அதக் கட்டிக்கப் போயிடும், உடனே திரும்ப எரியும். இருட்டு, வெளிச்சம். அவ்வளவுதான் சென்சார்.

இந்த உறிஞ்சல்ல ஒரு வகைய 1948ல கணக்கு போட்டு விளக்கினவர் ஃபார்ஸ்டர். அதுல தூரம்தான் எல்லாம், பத்து நானோமீட்டருக்குள்ள இருந்தாதான் நடக்கும், தூரம் ரெண்டு மடங்கு ஆனா அந்த சக்தி தாவுற வேகம் 64ல ஒரு பங்கா விழுந்துடும். ஆன்டிபாடியே கிட்டத்தட்ட பத்து நானோமீட்டர் இருக்கும், அதனால நடுவுல அத நிறுத்தினா ரெண்டு பேருக்கும் கை எட்டாது. குட்டி ஆப்டமர் மேல எல்லாருக்கும் ஆசை வந்ததுக்கு இது ஒரு காரணம்.

ஆனா ஐயா, நீங்க கேட்ட "ஒண்ண மட்டும்" இருக்கே, கஷ்டமெல்லாம் அங்கதான். மாரடைப்புல இதயத் தசையிலேந்து கசியற ட்ரோபோனின் டி எடுத்துக்கங்க, ஒரு லிட்டர்ல 14 நானோகிராம் தாண்டினாலே டாக்டர் நிமிர்ந்து உக்காருவார். அதே லிட்டர்ல அல்புமின் சுமார் 40 கிராம். மூலக்கூறு எண்ணிக்கையா போட்டுப் பார்த்தேன், ஒரு ட்ரோபோனினுக்கு சுமார் 160 கோடி அல்புமின் வருது. இந்தியாவோட மொத்த ஜனத்தொகைய விடப் பெரிய கூட்டத்துல ஒரே ஒரு ஆளத் தேடணும், அதுவும் கூட்டத்துல பாதிப் பேர் நம்ம சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போது. கீழ வர்ற பதில்ல எல்லாம் இந்தக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும்.

அங்கிள், ஒரே பொருள்தான், சைஸ் மாறினா கலர் மாறும்னு எழுதியிருந்தீங்க. தங்கத்த வெட்டினா தங்கம்தானே?
பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

வீணையில கம்பி அதேதான், எந்த மெட்டுல அமுக்குறமோ அத வெச்சு ஆடுற நீளம் குறையுது, ஸ்ருதி ஏறுது. குவாண்டம் டாட்குள்ள எலக்ட்ரான் அலை மாதிரி நடந்துக்கும், அது ஆடுற இடம் சின்னதானா அதோட சக்தி ஏறும், நீலம் பக்கம் போகும். காட்மியம் செலினைடு டாட் ரெண்டு நானோமீட்டர்கிட்ட இருந்தா நீலம், ஆறு கிட்ட போனா சிவப்பு. எகிமோவ் இதக் கண்ணாடிக்குள்ள பார்த்தார், ப்ரூஸ் தண்ணிக்குள்ள மிதக்குற துகள்ல பார்த்தார், பவெண்டி 1993ல எல்லாத் துகளும் ஒரே சைஸா வர்ற மாதிரி செய்யற வழியக் கண்டுபிடிச்சார், மூணு பேருக்கும் 2023ல நோபல். அறிவிக்குறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே பேர் வெளிய கசிஞ்சு போச்சுங்குறது தனிக் கதை.

தங்கத்த வெட்டினா தங்கம்தான், சரி. ஆனா 25 அணு அளவுக்கு வெட்டினா அது நகைக்கடைத் தங்கம் மாதிரி மின்னாது, யுவி வெளிச்சத்துல சிவப்பா எரியும். 2009ல சிங்கப்பூர்ல ரொம்ப சுலபமா இதப் பண்ணிக் காட்டினாங்க, தங்க உப்புக் கரைசல மாட்டு அல்புமினோட கலந்து, கொஞ்சம் காரம் சேர்த்து, நம்ம உடம்பு சூட்டுல, 37 டிகிரில 12 மணி நேரம் வெச்சா போதும். புரோட்டீன்தான் தங்க அணுக்களக் கூடு மாதிரி சுத்திப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்தக் கூட்ட ட்ரிப்சின் மாதிரி புரோட்டீன வெட்டுற என்ஸைம் வந்து கலைச்சா ஒளி மங்கும், அப்ப ட்ரிப்சின் இருக்குன்னு தெரிஞ்சுடும். நம்ம சென்னை ஐஐடில பிரதீப்போட குழுவும் புரோட்டீன் போர்த்திய தங்கக் கிளஸ்டர்ல ரொம்ப வருஷமா வேலை பார்க்குறாங்க, லாக்டோஃபெரின்னு பால்ல இருக்குற புரோட்டீன வெச்சுக்கூட பண்ணியிருக்காங்க. பெரிய பொண்ணானதும் அங்க போய் எட்டிப் பாரு.

சார், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எலுமிச்சம்பழச் சாறுலேந்து கார்பன் டாட் பண்ணேன், யுவில நீலமா சூப்பரா எரியுது. பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) சேர்க்கச் சேர்க்க ஒளி ஏறுது, ஸ்ட்ரெயிட் லைன் வருது. கைடு பேப்பர் எழுதச் சொல்றார். நான் புரோட்டீன் சென்சார் பண்ணிட்டேனா?
மாணவர், திருச்சி

தம்பி, முதல்ல வாழ்த்துக்கள், எரியுதுன்னு பார்த்த அந்த முதல் ராத்திரி தூக்கம் வந்திருக்காது, எனக்குத் தெரியும். இப்ப கொஞ்சம் உக்காரு.

கார்பன் டாட்ங்குறதே தற்செயலா கெடச்சது. 2004ல அமெரிக்கால சவுத் கரோலினால கார்பன் நானோடியூப் கரியச் சுத்தம் பண்ணும்போது வேண்டாத கழிவு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. 2012ல ரூர்கேலா என்ஐடி ஆளுங்க ஆரஞ்சு ஜூஸ்லேந்தே பண்ணிக் காட்டினாங்க. அதுக்கப்புறம் வாழைப்பழத் தோல், கொத்தமல்லித் தழை, முட்டை வெள்ளைன்னு காய்கறிக் கடையில ஒண்ணு பாக்கி இல்ல. எரிய வெக்கிறது சுலபம், அதனாலதான் இவ்வளவு பேப்பர்.

உன் விஷயத்துக்கு வர்றேன். எரியறது டாட்தானா? எலுமிச்சைல இருக்குற சிட்ரிக் ஆசிட்ட நைட்ரஜன் இருக்குற ஏதாவதோட சூடு பண்ணா டாட் மட்டும் வராது, நல்லா எரியற சின்னச் சின்ன மூலக்கூறும் சேர்ந்து வரும். சின்ன மூலக்கூற மட்டும் வெளிய விடுற டயாலிசிஸ் பைல போட்டு தண்ணிய மாத்தி மாத்தி ரெண்டு மூணு நாள் வை. பைக்கு வெளிய இருக்குற தண்ணியக் கொட்டிடாத, அத யுவில காட்டிப் பாரு. வெளியத் தண்ணி பளிச்சுனு எரிஞ்சு, உள்ள மங்கலா இருந்தா உன்னோட ஹீரோ ஓடிப் போயிட்டான்னு அர்த்தம். நிறைய பேர் இந்தப் பக்கமே போறதில்ல.

அடுத்தது, பிஎஸ்ஏ வந்தா ஏன் ஒளி ஏறுது? டாட் அல்புமினோட பள்ளத்துக்குள்ள போய் தண்ணிலேந்து தப்பிச்சு உக்கார்றதாலயும் ஏறலாம், பிஎச் கொஞ்சம் நகர்ந்ததாலயும் ஏறலாம், டாட் கியூவெட்ங்குற அளவுக் குப்பியோட சுவத்துல ஒட்டாம இருக்குறதாலயும் ஏறலாம். அதனால லைசோசைம் போட்டுப் பாரு, ஹீமோகுளோபின் போடு, இம்யூனோகுளோபுலின் போடு, எல்லாத்துக்கும் ஏறினா நீ பண்ணது புரோட்டீன் சென்சார் இல்ல, "ஏதோ ஒண்ணு விழுந்துச்சு" சென்சார். ஹீமோகுளோபின் போட்டா ஒளி குறையும், குறைஞ்சதும் ஆஹா ஹீமோகுளோபின கண்டுபிடிச்சுட்டேன்னு குதிக்காத, அது 415 நானோமீட்டர்கிட்ட வெளிச்சத்தக் குடிக்கிற ஆள், உன் டாட்டத் தொடாமலே நடுவுல நின்னு நிழல் குடுக்கும். வீட்டு வாசல்ல லாரி நிறுத்தினா வெயில் குறைஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரிதான். அந்த நிழலக் கணக்குப் போட்டுக் கழிக்கிறதுக்கு வழி இருக்கு, அத உன் கைடுகிட்ட கேளு.

கடைசியா, பஃபர்ல, அதாவது பிஎச் மாறாத சுத்தமான கரைசல்ல பண்ணியா, இல்ல சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் மிஞ்சுற தெளிஞ்ச நீர்ல பண்ணியா? என் கதையச் சொல்றேன். படிக்கிற காலத்துல சீரம் சேர்க்கச் சேர்க்க ஒளி ஏறுற அழகான ஒரு கோடு எனக்கும் வந்துச்சு, மூணு வாரம் காலரத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு சீனியர் அக்கா வந்து டாட் போடாம வெறும் சீரத்த மட்டும் மெஷின்ல வைடான்னாங்க. வெச்சேன். அதே கோடு. சீரமே தானா நீலமா எரியும்னு எனக்குத் தோணவே இல்ல. அந்த கிராஃப கிழிச்சுப் போட மனசில்லாம ரெகார்டு நோட்டுக்குள்ளயே வெச்சிருந்தேன். அதனால வெறும் சீரத்த ஓட்டு. அப்புறம் தெரிஞ்ச அளவு அல்புமின சீரத்துல சேர்த்து, சேர்த்தது அத்தனையும் திரும்பக் கணக்குல வருதான்னு பாரு. சீரத்த ஆயிரம் மடங்கு நீர்த்து வெச்சுதான் வருதுன்னா அதையும் மறைக்காம எழுது. அல்புமினுக்கு ஆயிரம் மடங்கு பரவால்ல, அதுதான் மலையா குவிஞ்சு கெடக்கே. ட்ரோபோனினுக்கு அப்படி நீர்த்தா தேடுற ஆளையும் சேர்த்து கரைச்சுடுவோம்.

இதெல்லாம் பண்ணிட்டு எழுது. ரெண்டு மாசம் லேட்டாகும், பரவால்ல.

எங்க லேப்ல ஃப்ளூரசன்ஸ் மெஷின் வாங்கியிருக்கோம், ஸ்ட்ரிப்ல சொட்டு விட்டு சொருகினா சிஆர்பி (அழற்சிக்கு), டி டைமர் (ரத்தக்கட்டிக்கு), ட்ரோபோனின் எல்லாம் வருது. இதுவும் நீங்க சொல்ற நானோ துகளா? இன்னொண்ணு, நம்மகிட்ட டி டைமர் 400, பெரிய லேப்ல 800ன்னு வருது, பேஷண்ட் சண்டைக்கு வர்றாங்க. யார் சொல்றது சரி?
லேப் டெக்னீஷியன், தேனி

நீங்கதாங்க இந்தப் பக்கத்தோட நிஜ ஆளு. மத்தவங்க எல்லாம் பேப்பர்ல படிக்கிறத நீங்க தினமும் கையில பிடிக்கிறீங்க. ஆமா, அதுவும் அதேதான். அந்த மாதிரி கிட் நிறையதுல யூரோப்பியம் அடைச்ச நுண்மணி மேல ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். சாம்பிள் ஸ்ட்ரிப்ல ஓடும்போது மணி தேடுற புரோட்டீனப் பிடிச்சுக்கும், கோட்டுல காத்துக்கிட்டு இருக்குற ரெண்டாவது ஆன்டிபாடி அதே புரோட்டீன மறுபக்கம் பிடிக்கும், நடுவுல புரோட்டீன் சாண்ட்விச். ரெண்டு கையும் ஒரே ஆளப் பிடிச்சாதான் கோட்டுல ஒளி நிக்கும், அந்த 160 கோடிக் கூட்டத்த சமாளிக்கிறது இந்த ரெட்டைப் பிடிதான். மெஷின் டெஸ்ட் கோட்டு ஒளிய கண்ட்ரோல் கோட்டு ஒளியோட ஒப்பிட்டு நம்பரச் சொல்லும், எந்த ஒளிக்கு எவ்வளவுங்குற கணக்கு அந்த லாட்டுக்குக் குடுத்த சிப்ல இருக்கும். அதனாலதான் லாட் மாறினா சிப்ப மாத்தச் சொல்றாங்க, மறந்து போய் பழைய சிப்போட ஓட்டினா நம்பர் வரும், ஆனா தப்பா வரும்.

யூரோப்பியத்த ஏன் எடுத்தாங்கன்னா அது நின்னு நிதானமா எரியும். 340, 365 பக்கம் வெளிச்சம் குடுத்தா 615 நானோமீட்டர்கிட்ட சிவப்பு, ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி, அதனால குடுத்த வெளிச்சம் கண்ணக் கூசாது. இன்னும் முக்கியமா, ரத்தத்தோட சொந்த ஒளி சில நானோசெகண்டுல செத்துடும், யூரோப்பியம் நூத்துக்கணக்கான மைக்ரோசெகண்டு எரியும். தகரத் தட்டுல தட்டினா டங்குனு நின்னுடும், கோயில் மணி தட்டினா ரீங்காரம் நிக்கும் இல்ல, தட்டு சத்தம் அடங்குற வரைக்கும் காதப் பொத்திக்கிட்டு அப்புறம் தெறந்தா மணி மட்டும்தான் கேக்கும். ஃபின்லாந்துல துர்க்கு ஊர்க்காரங்க 1980கள்லயே இந்த வித்தைய லேப் மெஷினாக்கி வித்தாங்க. அதாவது எல்லாரும் நாளைக்கு வரும்னு சொல்ற ஒளிர்ற சென்சார் உங்க மேஜை மேல ஏற்கனவே உக்காந்துருக்கு, என்ன, அதுக்கு நானோன்னு பேர் வெச்சு யாரும் விழா எடுக்கல.

டி டைமர் சண்டைக்கு வருவோம். ரிப்போர்ட்ல யூனிட்ட பாருங்க. ஒண்ணு எஃப்இயூ (ஃபைப்ரினோஜன் கணக்குல சொல்றது), இன்னொண்ணு டிடியூ (டி டைமர் கணக்குலயே சொல்றது). எஃப்இயூ நம்பர் டிடியூ நம்பரப் போல சுமார் ரெண்டு மடங்கு இருக்கும். உங்களது டிடியூ, அவங்களது எஃப்இயூன்னா 400ம் 800ம் ஒண்ணேதான், ரெண்டு பேரும் சரி. வழக்கமா சொல்ற 500 எல்லை எஃப்இயூவுக்கு, டிடியூல அது 250 பக்கம். யூனிட் ஒண்ணா இருந்தும் வித்தியாசம் வந்தா, ஒவ்வொரு கம்பெனியும் வெக்கிற ஆன்டிபாடி புரோட்டீனோட வேற வேற இடத்தப் பிடிக்கும், அதனாலயும் மாறும். ஒரே பேஷண்ட்டுக்கு ஏறுதா இறங்குதான்னு பார்க்கணும்னா ஒரே மெஷின்ல பார்க்கச் சொல்லுங்க, ரிப்போர்ட்ல யூனிட்ட தடிமனா அடிங்க, பாதி சண்டை குறையும்.

அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். யூரின்ல புரோட்டீன் நில்னுதான் வருது, ஆனா டாக்டர் மைக்ரோஅல்புமின்னு தனியா டெஸ்ட் எழுதுறார். இது காசு பிடுங்குற வேலையா? உங்க நானோ துகள் வந்தா வீட்லயே பார்த்துக்கலாமா?
வாசகி, வேலூர்

காசு பிடுங்குறது இல்லம்மா, அவர் சரியாத்தான் எழுதுறார். சாதா டிப்ஸ்டிக் கொஞ்சம் அதிகமா புரோட்டீன் போனாத்தான் கலர் மாறும், சுகர்ல கிட்னி அடிபட ஆரம்பிக்கிறப்ப கசியற அல்புமின் அதுக்குக் கீழ இருக்கும். அதனால அல்புமினையும், யூரின்ல போற கிரியாட்டினின்ங்குற தசைக் கழிவையும் சேர்த்துப் பார்த்து விகிதம் போடுவாங்க. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருந்தா சரி, 30லேந்து 300 வரைக்கும் ஆரம்ப எச்சரிக்கை, அதுக்கு மேல போனா கவனமா பார்க்கணும். ஒரு தடவை ஏறுச்சுன்னு பயந்துடாதீங்க, ஜுரம், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி எல்லாமே ஏத்திவிடும், மூணுலேந்து ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவை பார்த்து ரெண்டு தடவையாவது ஏறியிருந்தாத்தான் கணக்கு. காலைல முதல் யூரின் குடுத்தா நல்லது. டைப் 2 சுகருக்கு வருஷம் ஒரு தடவை கட்டாயம்.

நானோ சென்சாருக்கு ரத்தத்த விட யூரின் தோதான இடம், அங்க புரோட்டீன் கூட்டமே கம்மி, கசிஞ்சு வந்தாலும் பெரும்பாலும் அல்புமின்தான். ஹாங்காங்ல பென் ஜோங் டாங் 2001ல ஒரு விஷயம் கவனிச்சார், சில மூலக்கூறு கரைசல்ல தனியா இருக்கும்போது கை கால உதறிக்கிட்டே இருக்கும், வாங்குற சக்தி எல்லாம் அந்த உதறல்லயே போயிடும், ஒளி வராது. ஒண்ணோட ஒண்ணு நெருங்கி நெரிசல்ல மாட்டினா உதற முடியாது, அப்ப எரியும். அல்புமினோட பள்ளத்துல மாட்டினாலும் அதேதான். பின்னணி இருட்டா இருக்கும், அல்புமின் வந்தா மட்டும் விளக்கு. யூரின் அல்புமினுக்கு இத வெச்சு நல்ல நல்ல வேலை வந்துருக்கு. ஆனா வீட்ல பார்க்கணும்னா கிரியாட்டினினும் வேணுமே, அப்பா நிறைய தண்ணி குடிச்ச அன்னிக்கு அல்புமின் நீர்த்து குறைவா காட்டும். அது வர்ற வரைக்கும் லேப்லயே குடுங்க.

ஐடில வேலை பார்க்குறேன். ஒவ்வொரு புரோட்டீனுக்கும் தனித்தனி ஆன்டிபாடி எதுக்கு, சும்மா நாலஞ்சு சென்சார் வெச்சு டேட்டாவ ஏஐகிட்ட குடுத்தா அதுவே கண்டுபிடிக்காதா?
வாசகர், பெங்களூரு

கண்டுபிடிக்கும், பண்ணியும் பார்த்துட்டாங்க. ரசம் கொதிக்கும்போதே வாசனைய வெச்சு உப்பு கம்மின்னு சொல்ற பாட்டி இருக்காங்க இல்ல, உப்புக்குன்னு அவங்க மூக்குல தனி சென்சார் கெடையாது, மொத்த வாசனையோட தினுசு தெரியும். அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல ரோட்டெல்லோ 2007ல இந்த ரசாயன மூக்கப் பண்ணார். ஆறு வகை தங்க நானோ துகள், கூட ஒளிர்ற பாலிமர் ஒண்ணு. பாலிமர் தங்கத்தோட ஒட்டியிருந்தா அணைஞ்சிருக்கும், புரோட்டீன் வந்து தள்ளிவிட்டா எரியும், எந்தத் துகள்லேந்து எவ்வளவு தள்ளுதுங்குறது ஒவ்வொரு புரோட்டீனுக்கும் மாறும். ஏழு புரோட்டீன வெச்சுப் பழக்கி, பேர் சொல்லாம 52 சாம்பிள் குடுத்தாங்க, 94 சதவீதம் சரியா சொல்லுச்சு.

அப்புறம் நியூயார்க்ல ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் சென்டர்ல ஹெல்லர் குழு கார்பன் நானோடியூப வெச்சு 2022ல ஒண்ணு வெளியிட்டாங்க. அந்த ட்யூப் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புல எரியும், 2002ல ரைஸ் யுனிவர்சிட்டில கண்டுபிடிச்சது. அந்தப் பக்கம் ரத்தத்தோட சொந்த வெளிச்சம் ரொம்ப கம்மிங்குறது பெரிய லாபம். கருப்பைக்குப் பக்கத்துல இருக்குற சினைப்பைப் புற்று இருக்குறவங்க, இல்லாதவங்கன்னு 269 பேரோட சீரத்துல விட்டு, ஒளி எப்படியெல்லாம் மாறுதுன்னு மெஷின் லேர்னிங்குக்குக் குடுத்தாங்க. தப்பா பயமுறுத்துறத நூத்துக்கு ரெண்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நிஜ நோயாளிகள்ல 87 சதவீதம் பேரப் பிடிச்சுச்சு, இப்ப இருக்குற சிஏ 125ங்குற ரத்தப் புரோட்டீன் டெஸ்ட் பிளஸ் ஸ்கேன் 84.

நீங்க டேட்டா ஆளு, அதனால இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க. அறிகுறி ஒண்ணும் இல்லாத 10,000 பெண்களுக்கு இத ஓட்டுறோம், அதுல நாலு பேருக்கு நோய் இருக்குன்னு வெச்சுப்போம். நாலுல மூணு பேரப் பிடிப்போம். நூத்துக்கு ரெண்டு தப்பு கணக்குல 200 பேருக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கும்போது போன் போட்டு உங்களுக்கு இருக்கலாம்னு சொல்வோம். அறிகுறியோட வந்தவங்களப் பிரிச்சுப் பார்க்க இந்த நம்பர் நல்லது, ஊர் பூரா சலிக்கிறதுக்கு ஆகாது. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு, ஒரு ஆஸ்பத்திரி சீரம் ஃப்ரீஸர்ல ரெண்டு வருஷம் இருந்தது, இன்னொண்ணு நேத்து எடுத்ததுன்னா ஏஐ நோயக் கத்துக்காம ஃப்ரீஸரக் கத்துக்கும். மாடல் அழகா இருக்கும், டெஸ்ட் பாழ்.

கொரோனாங்குற வார்த்த நானோ துகள்லயும் வருதாமே, அதுக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தமா?
வாசகர், கடலூர்

சம்பந்தமே இல்ல. 2007ல டப்ளின்லயும் லுண்ட்லயும் இருந்தவங்க, துகள ரத்தத்துல போட்டா சுத்தி புரோட்டீன் வந்து கிரீடம் மாதிரி போர்த்திக்குறதுக்கு புரோட்டீன் கொரோனான்னு பேர் வெச்சாங்க. கல்யாண மண்டபத்துல கால வெச்சதும் சொந்தக்காரங்க சூழ்ந்துக்குற மாதிரிதான், யாரத் தேடி வந்தோமோ அவங்ககிட்ட போறதுக்குள்ள கையக் கூட நீட்ட முடியாது. ஒட்டுன ஆன்டிபாடி எல்லாம் அந்தப் போர்வைக்கு அடியில அமுங்கிடும். பஃபர்ல பிரமாதமா வேலை செஞ்ச சென்சார் சீரத்துல ஊமையாகுறது பல தடவை இதனாலதான். பெக்னு ஒரு வழவழப்பான பாலிமர மேல பூசி வெச்சா ஓரளவு விலகும், முழுசா விலகாது. இப்ப சிலர் போர்த்திக்கிட்டா போர்த்திக்கட்டும், போர்த்துனது எந்தப் புரோட்டீன்னு பார்த்தே நோயச் சொல்லலாம்னு கிளம்பிட்டாங்க. மேல சொன்ன நானோடியூப் வேலையும் கிட்டத்தட்ட அந்த வழிதான்.

காட்மியம் விஷம்னு சொல்றாங்க, அதப் போய் ரத்தத்துல விடலாமா?
வாசகர், ஓசூர்

உங்க ரத்தத்துல இல்லீங்க, உங்ககிட்டேந்து எடுத்த ரத்தத்துல. டியூப்லயும் ஸ்ட்ரிப்லயும்தான் விடுறது. ஆனா காட்மியம் விஷம்ங்குறது நிஜம், குப்பைக்குப் போற ஸ்ட்ரிப்ப நெனச்சா எனக்கும் உறுத்தும். அதனாலதான் குவாண்டம் டாட் டிவி பண்றவங்கள்ல பலர் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறினாங்க, சென்சார்காரங்க கார்பன், தங்கம்னு போறாங்க.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறேன். அது பிளட் டெஸ்ட்ட கெடுக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. வழக்கமான புரளியா?
வாசகி, மதுரை

இந்தத் தடவை வாட்ஸ்அப் ஜெயிச்சுடுச்சும்மா. பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின்ங்குற புரோட்டீனும் ஒண்ண ஒண்ணு பிடிச்சா விடவே விடாது, அதனால ஆன்டிபாடிய குவாண்டம் டாட்ல ஒட்டுறதுக்கும் சரி, பெரிய மெஷின்ல சாண்ட்விச்ச மணியோட கோக்குறதுக்கும் சரி, இந்த ஜோடியத்தான் கொக்கியா போடுறாங்க. உங்க ரத்தத்துல பயோட்டின் வழிஞ்சா அது எல்லாக் கொக்கியையும் போய் அடைச்சுக்கும். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம் பக்கம், முடி மாத்திரைல 10 மில்லிகிராம் கூட இருக்கு, முந்நூறு மடங்குக்கு மேல. சாண்ட்விச் டெஸ்ட்ல இல்லாததா, குறைவா காட்டும், சில ஹார்மோன் டெஸ்ட் வேற மாதிரி நடக்கும், அதுல அதிகமா காட்டும். ட்ரோபோனின் குறைவா காட்டிட்டா மாரடைப்பே தெரியாமப் போயிடும், 2017ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு எச்சரிக்கை விட்டபோது ஒரு மரணத்தையும் குறிப்பிட்டாங்க. எல்லா கிட்டும் இந்தக் கொக்கிய போடுறதில்ல. ரத்தம் குடுக்கும்போது நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்னு வாயத் தெறந்து சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு வரணுமான்னு டாக்டரக் கேளுங்க. நெஞ்சு வலின்னு போனா அதுக்காகக் காத்திருக்காதீங்க, போய் மாத்திரை விஷயத்த முதல்லயே சொல்லிடுங்க.

வாரம் ஒரு தடவை "ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோய்" னு நியூஸ் வருது. பத்து வருஷமா படிக்கிறேன், எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் வரல. எல்லாம் உடான்ஸ்தானே?
கடுப்பான வாசகர், தஞ்சாவூர்

உங்க கடுப்பு நியாயம்தான், ஆனா உடான்ஸ்னு மொத்தமா ஊத்தி மூட மாட்டேன். ஒரு சொட்டுல விஷயம் இல்லாம இல்ல. 50 மைக்ரோலிட்டர் சீரத்துல, அந்த 14 நானோகிராம் கணக்குல, ட்ரோபோனின் மூலக்கூறு ஒரு கோடிக்கு மேல வருது. ஆள் இருக்காங்க. கூட்டம்தான் பிரச்சினை, அதோட ஒரே சொட்டுல இருநூறு டெஸ்ட்டுக்குப் பங்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் என்ன மிஞ்சும்? அமெரிக்கால தெரனோஸ் கம்பெனி 2003ல ஆரம்பிச்சு விரல் நுனி ரத்தத்துல எல்லாம் பார்ப்போம்னு சொல்லி கோடி கோடியா பணம் வாங்கி 2018ல மூடுனாங்க, எலிசபெத் ஹோம்ஸ் 2022ல முதலீட்டாளர்கள ஏமாத்தினதா குற்றவாளின்னு தீர்ப்பாகி பதினோரு வருஷத்துக்கு மேல தண்டனை வாங்கினாங்க. அது ஒளிர்ற நானோ துகள் கம்பெனி இல்ல, ஆனா நீங்க படிக்கிற தலைப்புக்கும் அதுக்கும் ஆசை ஒண்ணுதான்.

அடுத்த தடவை அந்த மாதிரி நியூஸ் வந்தா மூணு விஷயம் மட்டும் தேடுங்க. பஃபர்ல பார்த்தாங்களா, நிஜ மனுஷ ரத்தத்துல பார்த்தாங்களா? நீர்த்தாங்களா, எவ்வளவு? எத்தனை பேரோட ரத்தம்? மூணுக்கும் பதில் இல்லன்னா பக்கத்தத் திருப்பி ராசிபலன் படிங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, தேனி டெக்னீஷியன் மேஜைல இருக்குறது மாதிரி பெருமை பேசாத பெட்டிங்கதான் ஒவ்வொண்ணா கூடிக்கிட்டே வரும், நியூஸ்ல வராது.

வீட்ல குழந்தைங்களுக்குக் காட்ட ஏதாவது ஒளிர்ற ஐட்டம் இருக்கா?
இல்லத்தரசி, சேலம்

நிறைய இருக்கு. நோட்டு செக் பண்ற சின்ன யுவி டார்ச் ஒண்ணு வாங்குங்க. ஐந்நூறு ரூபா நோட்டுல நம்பர் எரியும், நடுநடுவுல நூல் மாதிரி இழை மின்னும். டானிக் வாட்டர் பாட்டில் நீலமா எரியும், அது குயினைன், 1852ல ஸ்டோக்ஸ் இந்த சங்கதிக்குப் பேர் வெச்சப்ப குயினைன் கரைசலத்தான் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தார். மஞ்சள் தூள தண்ணில கலக்கினா சுமாராத்தான் தெரியும், ஒரு துளி சானிடைசர் ஸ்பிரிட்ல கலக்கினா பச்சை மஞ்சளா பளிச்சுனு எரியும், தண்ணிலேந்து தப்பிச்சா எரியறதுன்னு மேல திருச்சி தம்பிக்கு சொன்னேனே, அதே சங்கதி. மஞ்சளோட குர்குமின் அல்புமின்ல போய் உக்காந்தாலும் அப்படித்தான் ஒளி ஏறும். டார்ச்ச குழந்தைங்க கண்ணுல மட்டும் அடிச்சுடாம பார்த்துக்கங்க, ஸ்பிரிட்ட அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க.